காலுக்குத் தெரியாத கதவு

திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி சென்னியப்பன், தொழிலாளர் பாதுகாப்புக்கான உலக உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர். "சட்டத்துக்குப் பயந்தில்ல, நானா மனசாரப் போட்டது" என்று மேடைக்கு மேடை முழங்குவார். அவர் கம்பெனியின் அவசரக் கதவுக்கோ எப்போதும் பூட்டுதான். திறந்துவிட்டால் துணி திருட்டுப் போய்விடுமாம்!

உறுதிமொழிப்படி நடக்கிறதா என்று சரிபார்க்க ஓர் அதிகாரியம்மா வந்த அன்று மட்டும் பூட்டைக் கழற்றினார். கூட்டிப் பெருக்கும் செல்லாத்தாளைக் கதவருகே நிறுத்தி, "எப்பவும் தொறந்திருக்கும்னு சொல்லு. மாத்திச் சொன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல" என்று மிரட்டினார்.

அதிகாரியம்மா வந்து கதவைப் பற்றிக் கேட்டார். முதலாளி கண்கொட்டாமல் முறைத்தார். செல்லாத்தாள் கதவைக் கைகாட்டிச் சொன்னாள்:

"எப்பவும் தொறந்துதானுங்க இருக்கும். தீ மணிய அடிச்சுப் பாருங்க, எல்லாரும் இப்படித்தான் ஓடியாருவாங்க."

அதிகாரியம்மா உடனே மணியை அழுத்தினார். மிஷின்களை விட்டெழுந்த அத்தனை பேரும், திறந்த கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்வாசலுக்கு ஓடி, அங்கே முட்டி மோதி நின்றார்கள்.

"ஏய், என்ன சொல்லச் சொன்னேன் உன்ன?" முதலாளி கத்தினார்.

"சொன்னதத்தானுங்க சொன்னேன்" என்றாள் செல்லாத்தாள். "அவங்க காலுக்குச் சொல்ல மறந்துட்டீங்களே!"