மண்ணில் படாத கால்

கோபம் வந்தால் மற்றவர்கள் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிவார்கள். தணிகாசலம் சபதம் போடுவார். போட்டால் போட்டதுதான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்த காலத்தில், காபி குடிக்கப் போன நேரத்தைத் தலைமையாசிரியர் குத்திக் காட்டிவிட்டார் என்று அன்றோடு காபியை விட்டவர். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த முயலுக்கு நாலாவது கால் முளைக்கவில்லை.

அவருடைய சபதங்களிலேயே பெரியது மகள்மேல் போட்டது.

செந்தாமரையை அவர்தான் ஓட்டக்காரி ஆக்கினார். விடியுமுன் எழுப்பி, கையில் விசிலோடு ஏரிக்கரையில் ஓடவிடுவார். அவள் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கினாள். அடுத்தது டெல்லி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் கொம்புமலைக்குப் பின்னால் இருக்கும் ஓடைப்பட்டில் ஒரு விவசாயியைக் கட்டிக்கொண்டாள். ஓடக் கற்றுக்கொடுத்தவர் மகள் ஓடிவிட்டாள் என்று தெருவே சிரித்தது. தணிகாசலம் அந்தத் தெருவிலேயே நின்று, “செத்தாலும் உன் வீட்டு வாசப்படிய என் காலு மிதிக்காது” என்றார்.

மிதிக்கவில்லை. அம்மாவின் சாவுக்கு வந்த செந்தாமரை வாசலில் நின்று அழுதாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மகள் திரும்பிப் போன பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல், கொம்புமலை அடிவாரத்தில் நாலைந்து சீடர்களோடு இருந்த பூங்காவனத்தம்மாளின் குடிலுக்கு வந்து சேர்ந்தார்.

பூங்காவனத்தம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். வேர்க்கடலை போட்டுப் பிழைப்பவர். கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் களை பிடுங்குவார். இந்தச் சின்ன வயசுக்காரியிடம் என்ன கிடைக்கும் என்று முதலில் தணிகாசலம் யோசித்தார். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

ஒருநாள் கடலைக்காட்டில் கேட்டார்.

“அம்மா, கண்ண மூடி உக்காந்து பாத்துட்டேன், உபவாசம் இருந்து பாத்துட்டேன். கோபம் போகல. இது எங்க போய்தான் முடியும்?”

“என்ன செஞ்சா முடியும்னு நினைக்கிறீங்க?”

தணிகாசலம் மலையைப் பார்த்தார். உச்சியில் பழைய கோட்டையின் மதில் ஒரு மேட்டில் ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்கிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போயிற்று.

“அந்த மதில் மேல நடக்கப் போறேன். மதில் முடியிற வரைக்கும் என் காலு மண்ணுல படாது.”

சொல்லிவிட்டார். சொன்னால் சபதம்தான். கூட இருந்த சீடர்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கழுதை கெட்டால் குட்டிச்சுவர், வாத்தியார் கெட்டால் கோட்டைச்சுவர் என்று ஒருவர் முணுமுணுத்தார்.

மதில் எந்த ஊருக்கு மேலே போய் முடிகிறது என்பது தணிகாசலத்துக்குத் தெரியும். அதற்காகத்தான் போகிறீர்களா என்று யாராவது கேட்டிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார். பூங்காவனத்தம்மாள் கேட்கவில்லை. கைமண்ணைத் தட்டிக்கொண்டு, நானும் வருகிறேன் என்றார்.

மறுநாள் இருட்டு பிரியும்போதே புறப்பட்டார்கள். முதல் காவல் மேடை வரை அரசாங்கம் செப்பனிட்டு வைத்திருந்தது. இரும்புக் கைப்பிடி, சிமெண்டுப் பூச்சு, உட்கார பெஞ்சு. அதற்கு அப்பால் ஒரு பலகை, போகிறவர்கள் தங்கள் பொறுப்பில் போகலாம் என்றது. பலகையைத் தாண்டியதும் மதில் தன் சொந்தச் சொரூபத்தைக் காட்டியது. இருபக்கமும் செதுக்கிய கல், நடுவில் மண்ணும் சரளையும் திணித்த மதில் அது. பக்கவாட்டுக் கல் விழுந்த இடத்தில் வயிறு கிழிந்த மூட்டை மாதிரி உள்ளிருந்ததெல்லாம் கொட்டிக் கிடந்தது. சப்பாத்திக்கள்ளி வழியை அடைத்தது. அத்தி மரம் ஒன்று காவல்காரன் நிற்க வேண்டிய இடத்தில் வேர் விட்டு நின்றது.

தணிகாசலம் நன்றாகவே நடந்தார். கல்லை முன்பாதத்தால் அழுத்திப் பார்த்து, ஆடாது என்று தெரிந்த பிறகே எடையைப் போட்டார். உடம்பு அவர் சொன்னபடி கேட்டது. அதில் அவருக்குப் பெருமை. இன்றைக்கு இந்தக் கோபத்தை ஒருவழி பண்ணிவிடலாம் என்று தோன்றியது.

பூங்காவனத்தம்மாளுக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கள்ளி குறுக்கே வந்தால் மதிலை விட்டு இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தார். காரைப்பழம் கண்ட இடத்தில் நின்று பறித்தார். மதிலுக்குக் கீழே பாறையில் ஒரு சுனை இருந்தது. அம்மாள் இறங்கிப் போய் நிதானமாக முகம் கழுவித் தண்ணீர் குடித்தார். தணிகாசலம் மேலே வெயிலில் நாக்கு வறண்டு நின்றார்.

“என்னங்கம்மா, கூட வர்றேன்னுட்டு நீங்க மட்டும் இறங்கிப் போறீங்க?”

“சபதம் உங்களுது. தாகம் என்னுது.”

சொன்னாரே தவிர, புட்டியில் தண்ணீர் பிடித்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

உச்சி வெயிலுக்கு முன்பாக ஒரு பெரிய உடைப்பு வந்தது. மதில் முழுசாகச் சரிந்து, கற்கள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. அக்கரையில் மதில் மறுபடி எழுந்து நின்றது. தணிகாசலம் சிதறிய கற்கள் மேல் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கினார். ஒரு கல் புரண்டது. கையை ஊன்றித் தப்பினார். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. கால் மட்டும் மண்ணில் படவில்லை.

“இது மதிலாங்க?” என்று கேட்டார் அம்மாள். “கீழ விழுந்து கிடக்குதே.”

“விழுந்தா என்ன? அதே கல்லுதானே. கல்லு எங்க இருக்குதோ அங்க மதில் இருக்குது.”

அம்மாள் தலையை ஆட்டினார்.

வெயில் சாயும் நேரத்துக்குக் கடைசி மேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மேற்கு வாசல் அங்கே இருக்கும், அதைத் தொட்டுவிட்டு வந்த வழியே திரும்பலாம் என்பது தணிகாசலத்தின் கணக்கு. அங்கே வாசல் இல்லை. மதிலும் இல்லை. அஸ்திவாரம் வரை தோண்டி எடுத்துப் போயிருந்தார்கள். நீளமாக ஒரு பள்ளமும் அதில் புல்லும்தான் மிச்சம். கீழே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், மகள் வாழ்கிற ஓடைப்பட்டு.

தணிகாசலம் கடைசிக் கல்லில் நின்றார். காலையிலிருந்து எங்கோ போயிருந்த கோபம் முழுசாகத் திரும்பி வந்தது.

“திருட்டுப் பசங்க. மொத்தத்தையும் பேத்து எடுத்துக்கிட்டானுங்க. கல்லுன்னு இல்ல, எதை விட்டு வச்சானுங்க இந்த ஊர்க்காரனுங்க.”

அம்மாள் கீழே இருந்த கொல்லைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கம்மா, திரும்பலாம். மதில் முடிஞ்சு போச்சு.”

“முடிஞ்சிருச்சா?”

“கண்ணால பாக்குறீங்களே. எங்க இருக்குது?”

“கல்லு எங்கயோ அங்க மதில்னு நீங்கதான் சொன்னீங்க.”

தணிகாசலம் கீழே பார்த்தார். மேட்டுக்கு அடியிலேயே சோளக்கொல்லை வரப்பு ஆரம்பித்தது. வரப்பைக் கட்டியிருந்தது அதே செதுக்கிய கல். வரப்பு அடுத்த வரப்புக்கு இறங்கியது. அதற்கும் கீழே மாட்டுத் தொட்டி, கிணற்று மேடை, ஊர். எங்கே பார்த்தாலும் அந்தக் கல்.

அவருக்குப் பயம் வந்தது. காலையிலிருந்து ஆடிய எந்தக் கல்லின்மேலும் வராத பயம். அம்மாள் எங்கே கூட்டிப் போகிறார் என்று புரிந்துவிட்டது. வேண்டுமானால் இங்கேயே மண்ணில் குதித்து, சபதம் உடைந்தது என்று கையை உதறிவிட்டுப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் வாழ்நாளில் ஒரு சபதத்தையும் உடைத்ததில்லை. அந்த வீராப்பு இப்போது அவர் கழுத்தையே பிடித்தது.

வரப்புக் கல்லில் காலை வைத்தார்.

கிணற்று மேடை வரை தடங்கல் இல்லை. கிணற்றடியில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பெயர் பச்சையம்மாள். அடுத்த கோட்டைக் கல் அவள் துவைக்கிற கல்தான். தலை நரைத்த ஒருவர் கிணற்று மேடையில் நின்று அந்தக் கல்லையே முறைப்பதைப் பார்த்து என்ன வேண்டும் என்றாள். அம்மாள் விஷயத்தைச் சொன்னார். பச்சையம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பொடவைய அலசிக்கிறேன், அப்புறம் மிதிங்க. எங்க ஊர்ல கோட்டக் கல்லுக்கா பஞ்சம்? எங்க மாமனார் வண்டி கட்டிப் போய் எடுத்தாந்தது இது.”

அவர் காத்திருந்தார். அவள் புடவையைப் பிழிந்து எடுத்த பிறகு கல்லில் ஏறினார். அதோடு வழி தீர்ந்தது. தெரு மண் தெரு. அடுத்த கல் தாவினால் எட்டாத தூரத்தில் இருந்தது.

“எறங்கி நடங்களேன். யாரு பாக்கப் போறா?” என்றாள் பச்சையம்மாள்.

“முடியாதும்மா.”

“அப்ப அங்கயேவா நிப்பீங்க?”

அவர் எட்டாத அந்தக் கல்லையே பார்த்தார். பச்சையம்மாள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அந்த மூக்கையும் அந்த முரண்டையும் அவள் தினமும் இதே கிணற்றடியில் பார்ப்பவள். சிரிப்பை நிறுத்தினாள். அருகில் இருந்த வீட்டுக்குள் போய் ஆளைக் கூட்டி வந்தாள். இரண்டு பேர் தொழுவத்து மூலையில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டார்கள். கோட்டைக் கல். அவர் அதில் ஏறினார். இன்னொரு வீட்டிலிருந்து இன்னொரு கல் வந்தது. பின்னால் இருந்ததை எடுத்து முன்னால் போட்டார்கள். செந்தாமரையின் அப்பா வந்திருக்கிறார் என்ற பேச்சு அவரைவிட வேகமாகத் தெருவில் போயிற்று.

திருட்டுப் பசங்க என்று சொன்ன வாய் அவருடையது. அந்தத் திருட்டுப் பசங்கள் மூச்சுவாங்கக் கல் சுமந்து அவர் காலுக்கு முன்னால் வைத்தார்கள். ஒருவர் அவர் விழாமல் தோளைக் கொடுத்தார். தணிகாசலத்துக்கு வெட்கமாக இருந்தது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. வேறு பக்கம் திருப்புங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே மூடிக்கொண்டார். கல் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது.

கடைசியாகப் போட்ட கல்லுக்கு முன்னால் ஓட்டு வீடு ஒன்று இருந்தது. வாசலில் செந்தாமரை. உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. காதோரம் நரை. கையில் ஈர மாவு. கல் சுமந்தவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அவளுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது அந்த வீட்டு வாசற்படி ஒன்றுதான்.

மதில்மேல் பூனை என்பார்கள். தணிகாசலம் அப்படித்தான் நின்றார். முன்னால் வைத்தால் ஒரு சபதம் போகும். கீழே வைத்தால் இன்னொரு சபதம் போகும். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

செந்தாமரை அவர் காலைப் பார்த்தாள். சிராய்த்த முழங்கையைப் பார்த்தாள். எல்லாம் கேள்விப்பட்டிருந்தாள் போலிருக்கிறது. வாங்க என்று கூப்பிடவில்லை. அழவும் இல்லை.

“வாசப்படியும் கோட்டக் கல்லுதான்பா” என்றாள்.

தணிகாசலம் குனிந்து பார்த்தார். செதுக்கிய கல். ஓரத்தில் கோலம் போட்டிருந்தது. வேறு எதையும் செய்வதற்கு முன், ஓட்டப் பந்தயத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒருமுறை மூச்சை இழுத்து விட்டார்.

கோலத்தை மிதிக்காமல் படியில் ஏறினார்.

செந்தாமரை கதவோடு ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே சாணம் மெழுகிய மண்தரை. ஒரு மணையை எடுத்துப் போட்டாள். அடுப்பில் ஏதோ கொதிக்கிற வாசனை வந்தது. தணிகாசலத்தின் கால் படியை விட்டு நகரவில்லை. பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தார். தெருவில் அவருக்காகப் போட்ட கல் ஒன்றின்மேல் பூங்காவனத்தம்மாள் உட்கார்ந்து, பாதத்தில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“அம்மா,” என்றார். “இன்னும் எவ்வளவு தூரம் இருக்குது மதில்?”

அம்மாள் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவ்வளவுதாங்க. இறங்குங்க.”