மாசிலாமணி ஜீப்பை உயர்த்தியது

போடியில் இருதயமேரியின் ஒர்க்‌ஷாப்புக்கு மாசிலாமணி வேலை கற்க வந்தபோது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. மேரிக்கு முப்பத்தாறு. அவர் அவளை மேஸ்திரி என்றார். அவள் அவரை அண்ணே என்றாள்.

மலைமேல் இருக்கும் மஞ்சனூத்துக்கு ஓடும் ஒரே ஜீப் அவருடையது. இருபத்தாறு வருடமாக அரிசி மூட்டையும் ஆட்களும் அதில்தான் ஏறிப்போனார்கள். பாதி வழியில் பாதைக்குக் குறுக்கே ஒரு பாறை முதுகைக் காட்டிக் கிடக்கும். போன ஐப்பசி மழையில் ஜீப்பின் வயிறு அதில் தட்டி உட்கார்ந்துவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு செல்லக்கிளி. போர்வையில் டோலி கட்டித்தான் அவளைக் கீழே இறக்கினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். மாசிலாமணிக்கு மட்டும் அதன்பின் சோறு இறங்கவில்லை.

"வண்டியைத் தூக்கிக் கட்டணும் மேஸ்திரி. நீங்க செய்ய வேணாம். எனக்குக் கத்துக்குடுங்க. மலையில என் வண்டிக்கு நான்தானே வைத்தியன்?"

எட்டு மாதம் கற்றார்.

அப்புறம் கோவையில் ஒருவர் தன் ஜீப்பிலிருந்து கழற்றிவைத்த, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் விலைக்கு வருவதாகத் தகவல் வந்தது. தடித்த ஸ்பிரிங் பட்டைகள், நீளமான ஷாக் அப்சர்பர்கள், பட்டைகளை அச்சோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டுகள். இருவரும் போனார்கள். எல்லாம் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தன.

மேரி ஓரமாய் உட்கார்ந்துவிட்டாள். மாசிலாமணி ஒவ்வொரு பட்டையாகத் தூக்கிப்பிடித்துச் சுத்தியலால் தட்டினார். ஒவ்வொன்றும் கணீரென்றது. ஒன்று மட்டும் தொண்டை கட்டியவன்போல் பேசியது. பெயின்ட்டைச் சுரண்டினார். முடி அளவு விரிசல். அதைத் தள்ளிவைத்தார்.

மற்றவற்றைச் சாக்கில் கட்டும்போது மேரி எழுந்து வந்து, யூ போல்ட்டுகளை மட்டும் எடுத்துப் பழைய இரும்புக் குவியலில் போட்டாள்.

"பார்க்க நல்லாத்தானே இருக்கு மேஸ்திரி?"

"பட்டை வளைஞ்சு வளைஞ்சு நிமிரும். அதுக்கு அதுதான் வேலை. போல்ட்டு ஒருதடவை இழுபட்டா இழுபட்டதுதான். புதுசு போடுங்க."

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் வேலை. விரிசல் விட்ட பட்டைக்குப் பதில் வேறொன்று தேடி வாங்கிச் சேர்த்தார். மேரி ஸ்பானரைத் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், எல்லாம் முடிந்தது என்று கையைத் துடைத்தவர் மறுபடி குனிந்தார்.

"மேஸ்திரி, வண்டி உசந்ததுல பிரேக் ஆயில் போற ஹோஸ் விறைச்சு நிக்குது. பள்ளத்துல சக்கரம் இறங்கினா அறுத்துக்கும்."

மேரி மேஜை டிராயரைத் திறந்து நீளமான ஹோஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். அதைக் காலையிலேயே வாங்கி வைத்திருந்தாள். மாசிலாமணி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வாங்கி மாட்டினார்.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் அரிசி மூட்டைகள், பக்கத்தில் மேரி. பாறை வந்தது. மாசிலாமணி பல்லைக் கடித்துக்கொண்டார். முன்சக்கரம் ஏறியது, இறங்கியது. பின்சக்கரம் ஏறியது, இறங்கியது. அடியில் ஒரு சத்தமும் இல்லை. அவர் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

மஞ்சனூத்தில் ஊரே கூடிவிட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு செல்லக்கிளியும் வந்தாள்.

"எம்புட்டு உசரமா நிக்குது! யாரு செஞ்சது?"

"அண்ணன்தான். நான் டீதான் குடிச்சேன்," என்றாள் மேரி.

மாசிலாமணி அவள் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்: "மேஸ்திரி, கொஞ்சம் பெருமைப்பட்டுக்கலாமா? தலைக்கனம் வந்துருமோன்னு பயமாவும் இருக்கு."

மேரி ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதல் ஓட்டம் முடிஞ்சிருச்சு. யூ போல்ட்டைப் பாருங்க."

"இத்தனை பேர் முன்னாடியா?"

மேரி வண்டியின் அடியைக் கைகாட்டினாள். அவர் தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். சேற்றில் மல்லாந்து படுத்து ஜீப்புக்கு அடியில் நகர்ந்தார்.

"ரெண்டு தளர்ந்திருக்கு மேஸ்திரி." குரல் இறங்கியிருந்தது. "நான் சரியா முறுக்கலையோ?"

"சரியாத்தான் முறுக்கினீங்க. புது போல்ட்டு முதல் பாரத்துல தளரத்தான் செய்யும். இப்போ முறுக்குங்க."

ஸ்பானர் திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. அவர் வெளியே வரவில்லை. மேரி குனிந்து பார்த்தாள்.

"என்னண்ணே?"

"இங்கேருந்து பார்த்தாத்தான் மேஸ்திரி, எவ்வளவு உசந்திருக்குன்னு தெரியுது."

"அப்போ அங்கேயே படுத்துக்கிட்டுப் பெருமைப்படுங்க," என்றாள் மேரி. "எவ்வளவு வேணும்னாலும்."