கையால் இரண்டு சுற்று

"கார் சரியாகணும்னு வந்தேன். நீ கடலை தின்கிறதைப் பார்க்கவா வந்தேன்?" என்றாள் பிலோமினா.

ஹமீதா இன்னொரு கடலையை உடைத்தாள்.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர் உங்க காலடியில கிடக்குதுக்கா."

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலையில், மலை தொடங்கும் இடத்தில் இருந்தது ஹமீதாவின் பட்டறை. சூடேறிப்போன வண்டிகள் எல்லாம் அங்கே வந்துதான் ஆவி விடும். வந்த வேகத்திலேயே பாதி வண்டிகள் கிளம்பியும் விடும். காரணம், அந்தப் பட்டறையின் சட்டம்.

ஹமீதா வண்டியைத் தொட மாட்டாள்.

வண்டிக்குச் சொந்தக்காரர்தான் கழற்ற வேண்டும். அவர்தான் மாட்ட வேண்டும். ஹமீதா ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வாள். சில நேரம் அதையும் சொல்ல மாட்டாள்.

இது என்ன கூத்து என்று பிலோமினா முதல் நாளே கேட்டுவிட்டாள்.

"முன்னாடி நானும் தொட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அதே ஆளுங்க அதே கோளாறோட திரும்பத் திரும்ப வந்தாங்க."

பிலோமினா ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஹமீதாவுக்கு முப்பதுகூட நிரம்பியிருக்காது. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் தலைமை மெக்கானிக்காக இருந்தவள், மேனேஜருக்கே வேலை சொல்லிக்கொடுக்கப் போய் வெளியே வந்தவள். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. இந்த மலையில் தன்னைவிட இஞ்சின் தெரிந்த ஆள் இல்லை என்பதை, இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்கிற குரலில் சொல்வாள்.

பிலோமினாவுக்கும் அடக்கத்தின்மீது பெரிய மரியாதை இருந்ததில்லை. அதனால்தான் அவள் கிளம்பிப் போகவில்லை.

கிளம்பிப் போக அவளுக்கு இடமும் இல்லை.

கோத்தகிரியிலும் மேட்டுப்பாளையத்திலும் இருந்த மெக்கானிக்குகள் எல்லாரும் அவளுடைய வெள்ளைக் காரின் பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வாட்டர் பம்ப் போய்விட்டது. இந்த இஞ்சினில் பம்பைச் சுற்றுவதே உள்ளே இருக்கும் டைமிங் செயின்தான். ஆகவே பம்பை மாற்ற இஞ்சினின் முகத்தையே பிரிக்க வேண்டும். பழைய வண்டிக்கு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்?

அவள் கணவர் சூசைநாதனுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துப்போயிற்று. பழைய இரும்பு லாரிக்குச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை வரும். அதற்குள் ஓடினால் ஓடட்டும், இல்லையென்றால் லாரியில் ஏறட்டும் என்றார்.

சூசைநாதனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்க மட்டும் தெரியும்.

கார் போய்விட்டால் பிலோமினாவின் நாள் பஸ் நேரத்துக்குள் அடங்கிவிடும். சந்தைக்கா, கோயிலுக்கா, தங்கச்சி வீட்டுக்கா, எதற்கும் இன்னொருவர் நேரத்தைக் கேட்டு நிற்க வேண்டும். கேட்டு நிற்பது அவளுக்கு வராது. கான்வென்டில் படித்த அத்தனை வருஷமும் சிஸ்டர்கள் முயன்றும் வரவில்லை.

ஆகவே கார் கோத்தகிரியிலிருந்து கயிறு கட்டி இறங்கி வந்தது. பிலோமினா தினமும் பஸ்ஸில் இறங்கி வந்தாள்.

*

பிரிப்பது சுலபமாக இருந்தது. பிலோமினா எதையும் வேகமாகப் பிரிப்பாள்.

பழைய பம்ப் வெளியே வந்தது. அதன் அடியில் சின்னத் துளை ஒன்று. அதிலிருந்து பச்சைத் தண்ணீர் கசிந்து கசிந்து கறையாகியிருந்தது. தண்டைப் பிடித்து ஆட்டினாள். விழப்போகிற பல்லைப்போல ஆடியது.

செயினும் தளர்ந்துதான் கிடந்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் டப்பாவில் சில்லறையைக் குலுக்குகிற சத்தம் வந்ததன் காரணம் இப்போது கையில் தொங்கியது.

"எது போச்சு, எது போகலன்னு பார்த்தவுடனே எனக்கே தெரியுதே, அப்புறம் எதுக்கு நீ?" என்றாள் பிலோமினா.

"இனிமேத்தான்," என்றாள் ஹமீதா.

புதுப் பம்ப் உட்கார்ந்தது. புதுச் செயினை ஹமீதா ஒரு தட்டில் வைத்து நீட்டினாள், தாம்பூலம் கொடுப்பதுபோல.

கறுப்புச் செயின். அதில் மூன்று கண்ணிகளுக்கு மட்டும் நீல வண்ணம்.

இஞ்சினில் மூன்று பல்சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி கொத்தியிருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே, இஞ்சினின் உடம்பில் ஒரு கோடு. புள்ளி கோட்டைப் பார்க்க வேண்டும். நீலக் கண்ணி புள்ளியின்மேல் உட்கார வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனாலும், ஸ்டார்ட் செய்தவுடன் உள்ளே பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளும். அப்புறம் லாரிதான்.

பிலோமினா மாட்டினாள். மூன்று நீலமும் மூன்று புள்ளியின்மேல் அச்சாக உட்கார்ந்தன. நிமிர்ந்து, பாராட்டுக்காகத் திரும்பினாள்.

"கையால ரெண்டு சுத்து சுத்துங்க," என்றாள் ஹமீதா.

பெரிய ஸ்பேனரைக் கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் மாட்டி, பிலோமினா இரண்டு முழுச் சுற்று சுற்றினாள். பிறகு பார்த்தாள்.

நீலம் மூன்றும் எங்கேயோ போயிருந்தன. ஒன்று பாதி வழியில் நின்றது. ஒன்று கீழே தலைகீழாகக் கிடந்தது.

அவள் சொன்ன வார்த்தை கான்வென்டில் சொல்லித்தந்த வார்த்தை இல்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றினாள். மறுபடி மாட்டினாள். சுற்றினாள். மறுபடியும் நீலம் ஊர்வலம் போய்விட்டது. மறுபடியும் கழற்றினாள்.

ஹமீதாவின் காலடியில் கடலைத் தொலி குவிந்துகொண்டே போனது.

*

சனிக்கிழமை காலையில் பிலோமினா ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். வீசியிருப்பாள். கால்மேல் விழுந்துவிடும் என்பதால் வைத்தாள்.

"உன் செயின் சரியில்ல. இல்லேன்னா உன் வண்ணம் சரியில்ல. நான் தப்பா மாட்டுறேன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு டீச்சரா? எங்க சிஸ்டராவது ஸ்கேலால முட்டியில ஒண்ணு போட்டு, இதுதான் தப்புன்னு சொல்லுவாங்க."

"நீங்க தப்பா மாட்டுறதா நான் எப்பக்கா சொன்னேன்?"

"பின்ன, சரியா மாட்டுறேன்னாவது சொன்னியா?"

"நீங்க கேக்கவே இல்லையே. திட்டத்தானே செஞ்சீங்க."

பிலோமினா ஸ்பேனரைக் காலால் தள்ளிவிட்டாள்.

ஹமீதா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தாள். இஞ்சின் பக்கம் போகவில்லை. பிலோமினாவின் சுடிதார்க் கையை விரல் நுனியால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினாள். மடித்துத் தைத்திருந்த விளிம்பின்மேல் நகத்தை மெதுவாக ஓட்டினாள். எதையோ தேடுகிறவள்போல ஓரம் முழுக்கப் பார்த்தாள்.

"நீங்க தச்சதா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரியா வந்து தச்சுக் கொடுப்பா?"

"நல்லாத் தச்சிருக்கீங்க," என்றாள் ஹமீதா. டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டாள்.

இவளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று பிலோமினா முடிவு செய்தாள். திட்டிக்கொண்டே மூன்றாவது முறையாக மாட்டினாள். மூன்று நீலமும் மூன்று புள்ளியின்மேல் உட்கார்ந்தன. கண் பட்டுவிடும் அளவுக்கு அழகாக இருந்தது.

அப்போது சாலையில் லாரி வந்து நின்றது.

*

லாரியிலிருந்து சூசைநாதன் இறங்கினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாமல். பின்னாலேயே லாரிக்காரர், தோளில் இரும்புச் சங்கிலியோடு.

"சாயங்காலம்னுதானே சொன்னீங்க?" என்றாள் பிலோமினா.

லாரிக்கு இந்தப் பக்கம் வேறு வேலை இருந்ததாம். சீக்கிரம் முடித்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லதாம். சொல்லிக்கொண்டே சூசைநாதன் குனிந்து இஞ்சினைப் பார்த்தார். நீல வண்ணம் கண்ணில் பட்டது.

"பரவாயில்லையே பிலோ, புள்ளியெல்லாம் கரெக்டா சேர்ந்திருக்கே. அப்புறம் என்ன? மூடு, ஸ்டார்ட் பண்ணு. ஓடினா உன் வண்டி. ஓடலேன்னா இவர் வண்டி."

லாரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

டீத் தூக்கோடு ஹமீதா வாசலில் நின்றாள்.

மூடி தயாராக இருந்தது. பசை தயாராக இருந்தது. சாவி பிலோமினாவின் பையில் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் புருஷன் அவளைச் சீக்கிரம் என்று அவசரப்படுத்துகிறார். மூன்று நீலமும் சமர்த்தாக உட்கார்ந்திருக்கின்றன. கையால் சுற்றினால் ஓடிப்போய்விடும். இரண்டு ஆண்கள் முன்னால் ஓடிப்போகும்.

பிலோமினா மூடியை எடுத்தாள்.

பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

"இது எதுக்கு இப்போ?" என்றார் சூசைநாதன்.

பிலோமினா அதைப் போல்ட்டில் மாட்டி மெதுவாகச் சுற்றினாள். முட்டுகிறதா என்று கையால் கேட்டுக்கொண்டே சுற்றினாள். முட்டவில்லை. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கீழ்ச் சக்கரத்தின் புள்ளி தன் கோட்டுக்கு எதிரே வந்ததும் நிறுத்தினாள்.

நீலம் மூன்றும் ஓடிப்போயிருந்தன.

"பார்த்தியா? போச்சு. சேர்ந்திருந்ததைக் கெடுத்துட்ட." சூசைநாதனின் குரலில் வருத்தம் இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. லாரிக்காரர் சங்கிலியைத் தோளிலிருந்து இறக்கினார்.

பிலோமினா நெற்றி வியர்வையைச் சுடிதார்க் கையால் துடைத்தாள். விளிம்பின் தையல் கண்ணருகே வந்தது. ஒரு கணம் கை அப்படியே நின்றது.

சிஸ்டர் எஸ்பெரான்ஸின் தையல் வகுப்பு. துணி நகராமலிருக்க, வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் நீள நீளமாக ஓட்டுத்தையல். அதன்மேல் மிஷின் தையல். அது விழுந்ததும் சிவப்பு நூலுக்கு வேலை முடிந்தது; மணி அடிப்பதற்குள் முழுவதையும் உருவிப் போட வேண்டும்.

அவள் மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை நீலத்தைப் பார்க்கவில்லை.

கீழ்ச் சக்கரத்தின் புள்ளி அதன் கோட்டைப் பார்த்தது. மேலே இடது சக்கரத்தின் புள்ளி அதன் கோட்டைப் பார்த்தது. வலது சக்கரத்தின் புள்ளியும் அதன் கோட்டை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

பிலோமினா சிரிக்க ஆரம்பித்தாள். ரேடியேட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்ன சிரிப்பு? கலர் எங்க போச்சு?"

"உங்க சட்டையைத் தச்சப்போ டெய்லர் போட்ட ஓட்டுத்தையல் எங்க போச்சு?"

சூசைநாதன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். லாரிக்காரரும் பார்த்தார்.

வாசலில் ஹமீதா டீயை நான்கு டம்ளர்களில் ஊற்றத் தொடங்கினாள்.

*

பிலோமினா பசை தடவி மூடியைப் பொருத்தினாள். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கினாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணலாமில்ல?" என்றார் சூசைநாதன்.

"பசை காயணும். உட்காருங்க."

உட்கார இடம் இல்லை என்றார். பிலோமினா லாரிப் படியைக் காட்டினாள். லாரிக்காரர் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்; இந்த வேடிக்கையைப் பார்க்காமல் போவதில்லை என்று தீர்மானித்துவிட்ட முகம்.

வெயில் சாய்ந்தது. பிலோமினா ஒரு தடவைகூட நேரம் கேட்கவில்லை. சூசைநாதன்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூடியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆயிலும் கூலண்டும் ஊற்றினாள். குமிழி வந்தது. குமிழி அடங்கும்வரை நின்றாள். அடங்கியதும் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினாள்.

இஞ்சின் உறுமியது. பிடிக்கவில்லை.

சூசைநாதன் வாயைத் திறந்தார். லாரிக்காரர் அவர் கையைப் பிடித்தார்.

இரண்டாவது முறை திருப்பினாள். பிடித்தது.

சில்லறைச் சத்தம் இல்லை. ஒரே சீரான முனகல். அடுப்பில் பால் பொங்குவதற்குச் சற்று முன்னால் கேட்குமே, அந்த மாதிரி. பானட்டின்மேல் வைத்திருந்த டீ டம்ளர்கூட அசையவில்லை.

அவள் வண்டியை வெளியே எடுத்தாள். மேல் வளைவுகளைத் தாண்டி ஏறினாள், திரும்பினாள், ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கி வந்தாள். சூடு காட்டும் முள் நடுக்கோட்டில் நின்றது. பிலோமினா கண்ணாடியை இறக்கி அதை எல்லாருக்கும் காட்டினாள். லாரிக்காரர் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, தனக்கு இன்று வேலை இல்லை என்று பெருமையோடு சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சூசைநாதன் காரையும் மனைவியையும் ஹமீதாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹமீதாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"உண்மையைச் சொல்லும்மா. நீதானே எல்லாம் செஞ்சே?"

ஹமீதா இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள்.

ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. கடலைத் தொலி மட்டும் ஒன்று ஒட்டியிருந்தது.

பிலோமினா கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தாள். ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன.

"ஏறுங்க," என்றாள்.