எச்சில் கை

கருவேலங்குளம் ஜமீன்தாருக்கு மறதிக்காரர்களைக் கண்டாலே ஆகாது. "மறந்தவன் பைத்தியம். புலிக்காட்டில் விடு" என்பார். போன மாசம் சாவியைத் தொலைத்த காவல்காரனை அப்படித்தான் விட்டார்கள். அவன் துண்டு மட்டும் கிடைத்தது.

அன்று மத்தியானம் பாயசம் வரை வெளுத்துக்கட்டியவர், கடைசி மோர்ச்சோற்றில் உப்பில்லை என்று இலையை எத்தினார்.

"கிழவா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு. கிளம்புடா காட்டுக்கு!"

சமையல்காரன் தாண்டவன் கைகூப்பினான். ஆனால் கொஞ்ச நாளாக எசமானுக்கு ஒரே வேளைக்கு இரண்டு இலை போடுகிறவன் அவன்தான். அதைச் சொல்ல யாருக்குத் தைரியம்?

"உப்பை மறந்தது நிசம் எசமான். நீங்க சொன்னதும் ஞாபகம் வந்திருச்சு. போறேன். போறதுக்கு முன்னால இலை போடட்டுமா?"

"சீக்கிரம் போடு. காலையிலேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படலை."

கூடத்தில் இருந்தவர்கள் எத்திய இலையைப் பார்த்தார்கள்.

"எசமான், கையைப் பாருங்க."

விரலிடுக்கில் மோர்ச்சோறு இன்னும் காயவில்லை. ஜமீன்தாருக்கு முகம் வெளிறியது.

"நான்... சாப்பிட்டேனா?"

"சாப்பிட்டீங்க. நான் உப்பை மறந்தா நீங்க சொல்லுங்க. நீங்க சாப்பிட்டதை மறந்தா நான் சொல்றேன். ரெண்டு பேரும் எதுக்குக் காட்டுக்குப் போகணும்?"

ஜமீன்தார் கையை வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டார்.

"நீ இங்கேயே இரு. இது வெளியே போகக் கூடாது. கதவைச் சாத்தச் சொல்லு. எங்கேடா அந்தக் காவல்காரன்?"