கொம்பையாவின் பாதி விரால்

தளவாய்க்கு அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒரு விரால் வேண்டும். நாக்கு ருசிக்காக இல்லை. ஆடிக்கு விருந்துக்கு வந்த மருமகன், தன் இலையில் வால் துண்டு விழுந்தது என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு மகளையும் இந்தப் பக்கம் அனுப்பவில்லை. தூது விட்டு, கெஞ்சிக் கூத்தாடி, இன்றைக்குத்தான் இரண்டு பேரும் வருகிறார்கள். "வாங்க மாப்ள, முழு விராத் தல உங்களுக்குத்தான்" என்று தளவாய் போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். வீட்டில் மசாலா அரைத்தாயிற்று. மீன் மட்டும் இன்னும் குளத்தில் இருந்தது.

விரால் மண்புழுவுக்கெல்லாம் மசியாது. உயிரோடு துள்ளுகிற தவளைக்குஞ்சு வேண்டும். அதைப் பிடிப்பதற்குள் மனிதனுக்குப் பிராணன் போய்விடும். விடிந்ததும் விடியாததுமாக நாற்றங்காலில் இறங்கி, வழுக்கி விழுந்து, மூக்கில் சேறு ஏறி, எப்படியோ ஒரு பெயிண்ட் வாளியில் ஏழெட்டுக் குஞ்சுகளைச் சேர்த்தார் தளவாய். ஈரச் சாக்கால் வாளியை மூடிக்கொண்டு வந்து மடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மடையைத் திறந்து மூடுகிற மாசானம் மேலே கல்லில் உட்கார்ந்து வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தான். முதல் தவளையை ஏதோ ஒரு மீன் நோகாமல் உருவித் தின்றுவிட்டுப் போனது.

அந்த நேரம் பார்த்துத்தான் கொம்பையா வந்து சேர்ந்தார். கையில் தூண்டில் உண்டு, இரை கிடையாது. கொம்பையா இரை பிடித்து யாரும் பார்த்ததில்லை. மீன் பிடித்தும் பார்த்ததில்லை. ஆனால் அவர் பிடித்த மீன்களைப் பற்றிக் கேட்டுக் கேட்டு ஊரில் பாதிப் பேருக்குக் காது புளித்துப்போயிருந்தது. வேறு இடமே இல்லாததுபோல வாளியை ஒட்டி வந்து உட்கார்ந்தார். தளவாய் சிக்கு விழுந்த தூண்டில் நரம்பைப் பிரித்துவிட்டுத் திரும்பினால், கொம்பையாவின் முள்ளில் ஒரு தவளை தாமரை இலைக்குப் பக்கத்தில் காலை உதைத்துக்கொண்டு மிதந்தது.

"இர ஏது வே?"

"நான் இர புடிக்கது கெடையாது. இர என்னத் தேடி வரும்." கொம்பையா கம்பைத் தொடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டார். "ஒரு சீழ்க்க அடிச்சேம்னா போதும். போன வருசம் அப்பிடித்தான், வெளயாட்டா அடிச்சிட்டேன். வயக்காட்டுத் தவக்கள பூராவும் கெளம்பிட்டு. பஸ்ஸு அரமணி நேரம் நின்னுபோச்சு வே, ரோட்டுல அதுக கடந்து முடியங்காட்டியும்."

"எந்த பஸ்ஸு அண்ணாச்சி? நம்ம ஊருக்கு வாரதே ஒரு பஸ்ஸு, அதுவும் அப்ப ஓட்டமில்லாம ஷெட்டுல கெடந்துது" என்றான் மாசானம்.

"அது வேற பஸ்ஸு. குறுக்க பேசாத. வந்ததுல ஒண்ணு நல்ல துடியான பய. அவனைக் கோத்து விட்டேன். அவன் நேரா போயி, அடியில தூங்கிக்கிட்டிருந்த ஒரு விராவைக் கன்னத்துல ஓங்கி ஒரு அற வச்சான்."

"தவக்களயா?" என்றார் தளவாய்.

"பின்ன நானா? விராலுக்கு ரோசம் வந்துட்டு. ஒரே முழுங்கு. முழுங்கிட்டு இழுத்துது பாரும், நான் இந்தக் கரையில இல்ல. தண்ணிமேல நின்னமேனிக்குப் போறேன். கொளத்தை மூணு சுத்து. போற போக்குல ஒரு கொக்கு தோள்ல வந்து உக்காந்துட்டு, அதுக்கு அக்கரைக்குப் போவணுமாம். எறக்கி விட்டுட்டு, ஒரு பீடியும் பத்தவச்சேன்."

தளவாய்க்கு எரிச்சலாக வந்தது. வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது, மருமகன் பஸ் ஏறியிருப்பார், இந்த மனுசன் கொக்குக்குச் சவாரி விடுகிறார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. புளுகு என்று தெரிந்தாலும் காது அந்தப் பக்கம்தான் போனது.

"மீன் எம்புட்டு நீளம் வே?"

"இம்புட்டு!" வலது கை ஒன்றை மட்டும் நீட்டினார் கொம்பையா.

"மீன் அளவு காட்ட ரெண்டு கை வேணும்லா? இன்னொரு கை எங்க வே?"

"ஒத்தக் கைக்கே கொளம் பத்தல. ரெண்டையும் விரிச்சா மீனு பக்கத்து ஊருக்குப் போயிரும். அவனுவ பங்கு கேட்டு வருவானுவ." இடது கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. "கேளும். நாலு பனைமரத்துல நரம்பைச் சுத்தி இழுத்தேன். பனை நாலும் பிடுங்கிட்டு வந்துட்டு. விரா கரை ஏறுனப்ப திரும்பிப் பாக்கேன், கொளத்துல தண்ணியக் காணோம்! கரண்டக்கால் அளவுதான் கெடக்கு. அம்புட்டுத் தண்ணியையும் அந்த ஒரு மீனுதான் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு இருந்திருக்கு. ஊர்க்காரங்க ஓடிவந்து கால்ல விழுந்துட்டாவ. 'அண்ணாச்சி, மீனைத் திருப்பி உள்ள போடும், பயிரு கருகிரும்'னு. எனக்கு மனசு கேக்கல. வால்பாதிய வெட்டி வீட்டுக்கு எடுத்துக்கிட்டு, தலப்பாதிய உள்ள தள்ளிட்டேன். அதான் இன்னைக்கும் அரக் கொளந்தான் தண்ணி. தலப்பாதி உள்ளதான் கெடக்கு."

"மழ பெய்யாததுக்கு இப்பிடி ஒரு காரணமா?" என்றான் மாசானம். "வெட்டின மீனு எப்பிடி அண்ணாச்சி பொழச்சிக் கெடக்கும்?"

"விராலுக்கு உசிரு லேசுல போவாது, தெரியாதா? பாதி ஒடம்புதான். பொழப்பு ஓடுது."

சொல்லி வாய் மூடவில்லை. தாமரை இலை ஓரம் 'பொளக்' என்று ஒரு சத்தம். தொடைக்கு அடியில் இருந்த கம்பு விருட்டென்று தண்ணீரைப் பார்த்து ஓடியது. கொம்பையா அலறியடித்து எழுந்து இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தார். அதுவரை இடது கை பின்னால் பொத்திப் பிடித்திருந்த வேட்டி மடி அவிழ்ந்தது. அதிலிருந்து தவளைக்குஞ்சுகள் ஒன்று, இரண்டு, நாலு என்று குதித்துக் கரையெல்லாம் ஓடின. தளவாய் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். வாளிக்குள் சேற்றுத் தண்ணீர் மட்டும் இருந்தது.

தளவாய்க்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. மூக்கில் சேறு ஏறியதெல்லாம் ஒரு நிமிஷம் கண்முன் வந்து போனது.

கொம்பையா அசரவில்லை. "பாத்தீரா வே! நான் சொன்னேம்லா, தானா தேடி வருதுன்னு. மடியிலயே வந்து உக்காந்திருக்கு!"

சொல்லிக்கொண்டே கம்பை இழுத்தார். நரம்பின் நுனியில் நிஜமாகவே ஒரு விரால் துள்ளிக்கொண்டு வந்தது. முழங்கை நீளம், நல்ல கறுப்பு, தலை ஒன்றே ஒரு இலைக்குப் போதும். இவ்வளவு பக்கத்தில் உயிருள்ள விரால் ஒன்றைக் கொம்பையா பார்ப்பது அதுதான் முதல் தடவை. முள்ளை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தளவாய் நிதானமாகக் குனிந்து, செவுளுக்குள் விரலை விட்டு மீனைப் பிடித்து, முள்ளைக் கழற்றினார்.

"கையக் காயப்படுத்திக்கிடாதேயும். இங்க குடும் வே, நான் புடிச்ச மீனு!"

"அப்பிடியா? ஏல மாசானம், மடக்கல்லைப் பாரு. தண்ணி எம்புட்டு எறங்கிருக்கு?"

மாசானம் வேப்பங்குச்சியை எடுத்துவிட்டு, மெனக்கெட்டுப் படியிறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான்.

"எறங்கலயே அண்ணாச்சி. காலைல இருந்தமேனிக்குத்தான் இருக்கு."

"கேட்டீரா வே? நீரு புடிக்க விரா கரை ஏறுனா கொளம் வத்தணும்லா. வத்தல. அப்ப இது உம்ம மீனு இல்ல."

தளவாய் விராலை வாளியில் போட்டு, மேலே ஈரச் சாக்கை மூடினார். கரையேறி நாலு எட்டு நடந்தவர் நின்று திரும்பினார்.

"உம்ம தலப்பாதி உள்ளதான கெடக்கு. சீழ்க்க அடிச்சிக் கூப்பிடும்."