ஒன்றும் முளைக்காத தட்டு

சகாயராஜ் சார் எங்கள் லேபுக்குப் படிக்க வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அதற்கு முன் பல வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். "கிருமியைக் கண்ணால பார்க்காமலே இத்தனை காலம் மருந்து எழுதிட்டேன், இனியாவது பார்க்கிறேனே" என்று மேல்படிப்பில் சேர்ந்தவர். அவருக்குப் பாடம் சொல்லும் நஃபீசா மேடம் அவரைவிடப் பத்து வயது சின்னவர். மேடம் அவரை சார் என்பார், சார் இவரை மேடம் என்பார். கூடப் படிக்கும் எங்களுக்கு அதைக் கேட்க வேடிக்கையாக இருக்கும்.

அன்று காலை, பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தையின் ரத்தத்திலிருந்து கிருமி முளைத்திருந்தது. கிருமி வளர்க்கும், ரத்தம் கலந்த சிவப்புத் தட்டில் பொடிப்பொடிப் புள்ளிகள். குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. சீட்டில் 'முத்துச்செல்வி குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது.

வார்டு டாக்டர் போனில் அவசரப்படுத்தினார்.

"காய்ச்சல் விட்டாச்சு சார். நல்லா பால் குடிக்குதாம். சும்மா தோல் கிருமின்னு நீங்க சொல்லிட்டா ஊசியை நிறுத்திட்டு அனுப்பிடுவோம். மதியம் பஸ்ஸைப் பிடிக்கணும்னு நிக்கிறாங்க."

தோல் கிருமி என்றால், எல்லோர் தோலிலும் சும்மா குடியிருப்பது. ரத்தம் எடுக்க ஊசி குத்தும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மருந்து வேண்டியதில்லை.

சார் மளமளவென்று வேலையில் இறங்கினார். மைக்ராஸ்கோப்பில் உருண்டைக் கிருமி தெரிந்தது. உருண்டைக் கிருமியில் முக்கியமாக இரண்டு ஜாதி, ஸ்டாஃப், ஸ்ட்ரெப். பெராக்சைடு சொட்டில் வைத்தால் நுரைப்பது ஸ்டாஃப், நுரைக்காதது ஸ்ட்ரெப். சார் புள்ளியைச் சுரண்டிச் சொட்டில் வைத்தார். பொங்கிக்கொண்டு நுரை வந்தது. ஸ்டாஃபில் கெட்டதா சாதுவா என்று பார்க்கும் அடுத்த டெஸ்டையும் போட்டார். சாது என்று வந்தது, அதாவது தோல் கிருமி. ரிப்போர்ட்டை எழுதி மேடத்திடம் நீட்டினார்.

"தோல் கிருமிதான் மேடம். கையெழுத்துப் போடுங்க."

மேடம் பேனாவை எடுக்கவில்லை. தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னொரு தடவை பார்த்துடலாமே சார்."

சாருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"டெஸ்டே பதில் சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் நம்பலேன்னா எதைத்தான் மேடம் நம்புறது? அங்கே பிள்ளையைப் பெத்தவ மூட்டையைக் கட்டி வச்சிட்டு உட்கார்ந்திருக்கா."

மேடம் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். புதுத் தட்டு ஒன்றை எடுத்து வந்தார். அதே ரத்தம் கலந்த தட்டுதான். ஆனால் எதுவும் தடவாதது, ஒன்றும் முளைக்காதது. மரக்குச்சியால் அதில் லேசாகச் சுரண்டிப் பெராக்சைடு சொட்டில் வைத்தார்.

பொங்கிக்கொண்டு நுரை வந்தது.

"இது என்ன கிருமி சார்?"

சார் தன் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ரத்தமும் நுரைக்கும். இது முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித்தரும் பாடம். அதனால்தான் புள்ளியின் உச்சியை மட்டும் தொட்டு எடுக்க வேண்டும், தட்டைத் தொடக்கூடாது என்பார்கள். தெரியாதவர் யாருமில்லை. ஆனால் அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று பழமொழி. இங்கே அவசரத்தில் கை ஆழமாகவே நுழைந்துவிடும், அதுவும் பொடிப் புள்ளியாக இருந்தால்.

"உங்க தட்டுல பள்ளம் விழுந்திருக்கு சார்," என்றார் மேடம்.

சார் இன்னொரு குச்சியை எடுத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளியின் மண்டையை மட்டும் தொட்டார். சொட்டில் வைத்தார். நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஸ்ட்ரெப்," என்றார். ஸ்டாஃபே இல்லாததால்தான் அடுத்த டெஸ்ட் சாது என்று காட்டியிருக்கிறது.

பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் ஸ்ட்ரெப் ஒன்று உண்டு. காலையில் நன்றாக இருக்கும் பிள்ளையைச் சாயங்காலத்துக்குள் சாய்த்துவிடும். அதைத் தடுத்துக்கொண்டிருந்த ஊசியைத்தான் நிறுத்தச் சொல்ல இருந்தோம்.

சார் போனை எடுத்தார். "அனுப்பிடாதீங்க. ஊசியை நிறுத்தாதீங்க." அதைச் சொல்லியும் மனசு ஆறாமல் வார்டுக்கே இறங்கிப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

முத்துச்செல்வி கட்டிலில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். பக்கத்தில் அவள் நாத்தனார், பையைத் தோளில் மாட்டித் தயாராக நின்றார்.

"பிள்ளை பால் குடிக்குதாம்மா?" என்று சார் கேட்டார்.

"அதெல்லாம் நல்லாக் குடிக்கி சார்! ஒரு குறையும் இல்ல. எங்க தம்பி பிள்ளையாச்சே!" என்றார் நாத்தனார்.

சார் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி வந்து நாத்தனாரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். முத்துச்செல்வியின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ சொல்லும்மா. பால் குடிக்குதா?"

அவள் கண் நிறைந்துவிட்டது.

"விடியக்காலையில இருந்து வாயே வைக்கல சார். சொன்னா, ஒனக்குப் பால் குடுக்கத் தெரியலன்னு மயினி ஏசுதாவ."

அடுத்த இரண்டு நாள் அந்தப் பிள்ளை எங்களைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. மூச்சு திணறியது, மெஷினில் வைத்தார்கள். மூன்றாம் நாள் அது பாலுக்கு வீறிட்டு அழுததாக வார்டிலிருந்து போன் வந்தது. லேபில் எல்லோரும் கைதட்டினோம், சகாயராஜ் சார் தவிர.

வேலை முடிந்து மற்றவர்கள் கிளம்பும் நேரம் அவர் மேடத்தின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஆயிரம் தாய்மார்கிட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கேன். பால் குடிக்குதா, பால் குடிக்குதான்னு. குடிக்குதுன்னு பதில் வரும். சரின்னு அனுப்பிடுவேன். அந்தப் பதிலைச் சொன்னது யாருன்னு ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்த்ததில்ல."

நான் பையை மூடுவது போலக் குனிந்துகொண்டேன்.

மேடம் அவருக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து ஒன்றும் முளைக்காத தட்டு ஒன்றை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கும் டெஸ்ட் இருக்கு சார். முதல்ல இதைச் சுரண்டிப் பார்த்துட்டு ஆரம்பிங்க."