இடது மூலை மாப்பிள்ளை

எங்கள் கபடி டீமுக்குச் செலவு செய்தவர் கல்குவாரி முதலாளி கோதண்டம். அந்த ஒரே தகுதியில் இடது மூலையில் நின்றார் அவருடைய மாப்பிள்ளை. ஆள் வந்தால் பிடிக்கமாட்டார், பின்வாங்குவார். எதிரணிக்கு இது தெரிய எவ்வளவு நேரமாகும்? பாடி வந்தவனெல்லாம் நேரே அவரைத் தொட்டுவிட்டு ஓடினான்.

இடைவேளையில் முதலாளி, குவாரியில் கல் உடைக்கும் எங்கள் கேப்டன் மாசானத்தின் பனியனைப் பிடித்தார். "மாப்பிள்ளையை வெளிய எடுக்கக் கூடாது. ஜெயிக்கவும் வேணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

"சரிங்க முதலாளி" என்ற மாசானம், மாப்பிள்ளையிடம் போனான். "நீங்க பிடிக்கவே வேணாம். ஆள் வந்தா கடைசிக் கோடு வரைக்கும் பின்னால போய்க்கிட்டே இருங்க."

அவர் போனார். ஆசைப்பட்டு ஆழமாக உள்ளே வந்தவனை மற்ற ஆறு பேரும் பின்னாலிருந்து மடக்கினோம். வந்தவன் எல்லாம் அப்படியே விழுந்தான். ஜெயித்தோம்.

முதலாளி மேடையேறி மாப்பிள்ளைக்கு மட்டும் மாலை போட்டார். "எல்லாம் இவராலதான்" என்றார்.

மாசானம் மைக்கை வாங்கினான்.

"நெசந்தாங்க. புலியைப் பிடிக்க ஆடு கட்டினோம். ஆட்டுக்கு மாலை போடறதும் நம்ம கோயில் வழக்கந்தான். போட்டப்புறம் என்ன செய்வோம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?"